சும்மா இருக்கும் அறையின் சத்தம்

காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். விஸ்காம் படிக்கும் மாணவர்கள் ஐந்து பேர், குழுவாக ஆவணப்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அவருடைய மாமனாரின் பட்டுத் தறியைப் படம்பிடிக்க வந்தார்களாம். எல்லாம் முடிந்து மூட்டை கட்டும் நேரத்தில், “ஒரு நிமிஷம் யாரும் அசையாதீங்க, பேசாதீங்க” என்று சொல்லிவிட்டு மைக்கை மட்டும் ஓடவிட்டிருக்கிறார்கள். “ஒன்றுமே இல்லாததை எதற்கு ஐயா பதிவு செய்கிறார்கள்?” என்று கேட்கிறார்.

அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர் வாய்த்திருக்கிறார். அவர்கள் பதிவு செய்ததற்கு ‘ரூம் டோன்’ என்று பெயர். காமிரா, லென்ஸ், கோணம் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெரியவர் நாற்பது நிமிடம் பேசினார் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அவருக்கு நான்கு நிமிடம்தான் இடம். எடிட்டிங்கில் இருமலை வெட்டுவார்கள், “அது வந்து...” என்ற இழுவையை வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் படம் துள்ளும். நாடா எறியும் கையைக் காட்டி அதை மறைத்துவிடலாம். ஒலியில் விழும் ஓட்டையைக் காட்சியால் அடைக்க முடியாது. எந்த அறையிலும் காதுக்குப் பழகிப்போன ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும்: தெருவின் முனகல், ட்யூப்லைட்டின் ரீங்காரம், ஓட்டு இடுக்கில் நுழையும் காற்று. அது சட்டென்று அறுந்தால் பார்ப்பவர் திடுக்கிடுவார். எங்கள் வீட்டில் ராத்திரி கரண்ட் போய் மின்விசிறி நின்றதுமே அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஓடிக்கொண்டிருந்த வரை அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்ததே இல்லை.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் ரூம் டோன். வேறெங்கோ பதிவு செய்த இரைச்சலைக் கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டாது. ஓட்டு வீட்டுக்கு ஒரு தொனி, காங்கிரீட் கூரைக்கு ஒரு தொனி. ஆட்களின் உடம்பும் உடுப்பும் ஒலியை உறிஞ்சும் என்பதால், இரண்டு பேர் வெளியே போனாலே அறையின் தொனி மாறிவிடும். அதனால்தான் பேட்டி முடிந்த கையோடு, மைக்கை இருந்த இடத்திலேயே வைத்து, ஒருவரையும் நகரவிடாமல் முப்பது விநாடியாவது பதிவு செய்கிறார்கள். பேட்டிக்காக பிரிட்ஜை அணைத்திருந்தால் அப்போதும் அது அணைந்தே இருக்க வேண்டும். (திரும்பப் போட மறந்துவிடாமலிருக்க, வண்டிச் சாவியை பிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய வழக்கம். சாவி இல்லாமல் கிளம்ப முடியாதே!)

சாதாரண மனிதர் தன் வீட்டில் நின்று தன் குரலில் பேசுவதைப் படமாக்குவது ஒரு காலத்தில் பெரும்பாடு. 1935-இல் வந்த ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ படத்துக்காக, லண்டனின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் கனத்த கருவிகளைக் கொண்டுபோய்த்தான் அங்கிருந்தவர்களின் எலித் தொல்லையைப் பதிவு செய்தார்கள். தோளில் சுமக்கும் காமிராவும் கையோடு கொண்டுபோகும் ஒலிப்பதிவுக் கருவியும் ஆவணப்படக்காரர்களுக்கு வாய்த்தது 1960-ஐ ஒட்டித்தான். அந்த ஆண்டு அமெரிக்கத் தேர்தல் களத்தில் எடுத்த ‘பிரைமரி’ அந்த வழியைத் திறந்த படங்களில் ஒன்று.

இன்று அத்தனையும் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது, மதிப்புதான் போய்விட்டது. மாணவர் குழுக்களில் இயக்கத்துக்கும் காமிராவுக்கும் போட்டி நடக்கும். மிஞ்சியவர் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். ஹெட்போன் மாட்டாமலேயே பதிவு செய்துவிட்டு, பிறகு படம் முழுக்க வயலினைப் பூசிவிடுகிறார்கள். தறிச் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் யாரோ எங்கோ வாசித்த சோக இசை! ஆயுள் முழுக்க அந்தத் தறியோடு வாழ்ந்தவருக்கு இது அநியாயம். கல்லூரிகள் அடுத்த காமிராவை வாங்கும் முன் நல்ல காலர் மைக் இரண்டு வாங்கட்டும். ஒலியைப் பார்த்துக்கொள்ளும் மாணவருக்கும் இயக்குநருக்குச் சமமாக மதிப்பெண் போடட்டும். முதல் வாரம் காமிராவையே தொடவிடாமல், ஒவ்வொருவரையும் தன் தெருவின் ஒலியை மட்டும் பதிவு செய்துவரச் சொன்னால் இன்னும் நல்லது.