கரிசலில் உறங்கும் கிழங்குகள்

மேனாட்டுத் தோட்டக்கலை நூல்களைப் படித்துவிட்டு, கார்த்திகையில் டியூலிப் கிழங்கைப் புதைத்து வசந்தத்தில் மலரைப் பறிக்கலாம் என்ற ஆசையோடு திருச்சுழிப் பக்கத்துப் பரளச்சிக் கரிசலில் மண்வெட்டியை ஊன்றுகிறவர் யாரேனும் இருப்பாராயின், அவருக்கு நம்முடைய அநுதாபத்தை முன்கூட்டியே தெரிவித்துவிடலாம். அக்கிழங்கு மலர்வதற்கு ஏறத்தாழ மூன்று மாத காலம் குளிரில் கிடந்தாகவேண்டும். ஸ்ரீநகரில் தால் ஏரியின் அருகே உள்ள டியூலிப் தோட்டம் செழிப்பது அந்தக் குளிரின் தயவால்தான். மார்கழி விடியலிலும் ஒரு துப்பட்டிக்கு மேல் கேளாத திருச்சுழிச் சீமையில் அதற்கு வழியில்லை.

ஆயினும் கிழங்கு என்பது குளிர்தேசத்தாரின் ஏகபோக சொத்தன்று. மத்திய ஆசிய மலைச்சரிவுகளில் பிறந்த டியூலிப்பும் அங்குள்ள வறண்ட கோடையை மண்ணுக்குள் உறங்கியே கழிக்கிறது. நீரற்ற மாதங்களைக் கடப்பதற்கென்று ஒரு செடி தன் சகல சம்பத்தையும் பூமிக்கடியில் முடிந்துவைத்துக்கொள்ளும் உபாயம் அது. அப்படிப் பார்த்தால் நம்முடைய வானம்பார்த்த பூமி கிழங்குகளுக்கு அந்நியமானதன்று, சொந்த வீடே.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் நரிவெங்காயத்தைப் பார்க்கலாம். வறண்ட தரிசுகளில் தானாக முளைக்கும் இது, ஓர் இலைகூட இல்லாமல் வெறும் தண்டை மட்டும் கோடையில் நீட்டி, மங்கிய நிறத்துச் சிறு பூக்களைச் சூடிக்கொண்டு நிற்கும். இலைகளோ மழைக்குப் பிறகுதான் தலைகாட்டும். அழகு என்று கொண்டாடத்தக்க உருவமன்று. இதயத்தைத் தாக்கும் நஞ்சும் அக்கிழங்கில் உண்டு. அந்நஞ்சே அளவோடு கையாளப்பட்டு இருமல் மருந்தாகவும் பயன்பட்டதென்பது வேறு கதை. வசந்தம் என்ற சொல்லுக்கு நம் மண் தந்த அர்த்தம் இலையற்ற தண்டில் பூத்து நிற்கும் இச்செடியே என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுத் தோட்டத்துக்கு உகந்தவை என்றால், தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஹிப்பியாஸ்ட்ரமும், ஆப்பிரிக்காவின் பந்து லில்லியும், மழை லில்லியும் இருக்கின்றன. சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்று பெய்துவிட்டால், சில தினங்களுக்குள்ளாகவே மழை லில்லி மொட்டுவிடுவதை எத்தனை முறை கண்டாலும் ஆச்சரியம் தீர்வதில்லை.

இவற்றுக்குப் பகை வறட்சியன்று, ஈரம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல், ஐப்பசி அடைமழையில் களியாகி நீரை விடாது பிடித்துக்கொள்ளும். அந்தச் சேற்றில் கிடக்கும் கிழங்கு அடியிலிருந்தே அழுகிப்போகும். ஆகையால் செம்மண்ணும் ஆற்றுமணலும் மக்கிய எருவும் கலந்து முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுவதும், விரலால் அழுத்திப் பார்த்துக் கெட்டியான கிழங்கையே நடுவதும், ஹிப்பியாஸ்ட்ரத்தின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி விடுவதும் அவசியம். பூ வாடியதும் தண்டை மாத்திரம் அறுத்துவிட்டு, இலைகளைத் தாமே பழுக்கும்வரை தொடாமல் விடவேண்டும். அடுத்த ஆண்டுப் பூவுக்கான ஆகாரத்தை அவ்விலைகளே கிழங்குக்குள் அனுப்புகின்றன. இலை காய்ந்த செடி செத்துவிட்டதென்று எண்ணி, இரக்கத்தின் பேரால் தினந்தோறும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கிழங்கைக் கொல்லுகிற நல்லவர்களை என்ன சொல்வது!

வருமானத்தைக் கருதுவோருக்குச் சம்பங்கி இருக்கிறது. மெக்ஸிகோவிலிருந்து வந்து மதுரை மாலைகளில் இடம்பிடித்துவிட்ட இப்பூவின் கிழங்கை, தோண்டியெடுத்து ஒரு மாதமேனும் ஆறவைத்து, 25 முதல் 30 கிராம் எடையுள்ளதாகப் பொறுக்கி, ஆனி, ஆடியில் நடுவார்கள்.

குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் முதலிடம் பெற்றதும், இன்று தமிழகத்தின் மாநில மலராக விளங்குவதுமான செங்காந்தளும் கிழங்கிலிருந்து எழுவதே. கண்வலிக்கிழங்கு என்று பெயர்பெற்ற அதன் முளைக்கண் நுனியில் மட்டுமே இருப்பதால், எடுக்கும்போது நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு பயனற்றது. கொடிய நஞ்சுடையதாகையால், உறங்கும் காலத்தில் அதை வெங்காயக்கூடைக்கு அருகில் வைக்காமல், குழந்தைகளின் கைக்கு எட்டாத பரணில், உலர்ந்த மணலுக்குள் புதைத்து வைப்பது நல்லது.