ஊரில் ஒரு சாவு: பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுங்கள்

இரவு ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது. "அம்மம்மா மோசம் போயிட்டா." வீட்டில் எல்லோரும் அழுகிறீர்கள். காலையில் பிள்ளை வழமைபோலப் பள்ளிக்கூடம் போகிறது. அங்கே ரீச்சருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை பாடத்தைக் கவனிக்கவில்லை, சண்டை பிடிக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியும்.

"ஊரில நடந்ததை இஞ்ச ஏன் சொல்லுவான்?" என்று பலர் நினைக்கிறோம். வழக்கைப் பாதிக்குமோ என்ற பயமும் இருக்கலாம். பள்ளிக்கூடம் ஹோம் ஒஃபிஸ் அல்ல. உங்கள் அகதி விண்ணப்பத்தைத் தீர்மானிப்பவர் ரீச்சர் அல்ல. யார் இறந்தார், பிள்ளைக்கு எவ்வளவு நெருக்கம், பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்ற மூன்றும் தெரிந்தால் அவருக்குப் போதும். எப்படி இறந்தார் என்று சொல்ல விருப்பமில்லையென்றால் விடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் என்ன கேட்கலாம்?

* மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.
* அழுகை வந்தால் வகுப்பை விட்டு வெளியே போக அனுமதியும், போய்க் கதைக்க ஒரு ஆளும் கேளுங்கள்.
* பிள்ளையை வீட்டில் மறிப்பதென்றால் அன்று காலையிலேயே அறிவியுங்கள். இங்கிலாந்தில் லீவை அனுமதிப்பது தலைமை ஆசிரியர். சொல்லாமல் மறித்தால் அனுமதியில்லாத லீவாகப் பதிவார்கள்.
* ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை நேரத்தில் நெருங்கிய உறவினர் இறந்தால் உடனே சொல்லுங்கள். விசேட கவனிப்புக்குப் பரீட்சைச் சபையிடம் விண்ணப்பிக்க வேண்டியது பள்ளிக்கூடம்தான்.

எங்கள் வழக்கங்கள் ரீச்சருக்குத் தெரியாமல் இருக்கலாம். எட்டுச் செலவு, அந்தியேட்டி, முப்பத்தொன்று என்றால் என்ன என்று இரண்டு வசனத்தில் சொல்லி வையுங்கள். அந்த நாட்களில் பிள்ளை சோர்ந்திருந்தால் அவருக்கு விளங்கும்.

வீட்டில் பிள்ளைக்கு என்ன சொல்வது?

"நித்திரை கொள்ளுறா", "தூர இடத்துக்குப் போயிட்டா" என்று சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளை அதை அப்படியே நம்பும். பிறகு தானே நித்திரைக்குப் போகப் பயப்படும், அல்லது அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கும். "அம்மம்மா இறந்திட்டா. அவவின்ர உடம்பு இனி வேலை செய்யாது. இனி வரமாட்டா" என்று நேராகச் சொல்லுங்கள். "இது உன்ர பிழை இல்லை" என்றும் சொல்லுங்கள். தான் செய்த குழப்படியால்தான் இது நடந்தது என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு.

இப்போது அழுத பிள்ளை கொஞ்ச நேரத்தில் விளையாடும். பாசமில்லை என்று ஏசாதீர்கள். பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான் விட்டு விட்டு வரும். செத்தவீட்டுக்குப் போக முடியாத பிள்ளைக்குப் படத்துக்கு முன்னால் விளக்கேற்ற, பூ வைக்க, கடிதம் எழுத இடம் கொடுங்கள்.

பள்ளிக்கூடத்திலேயே ஒரு மாணவரோ ஆசிரியரோ இறந்தால் வழக்கமாகப் பெற்றோருக்கு அறிவித்தல் வரும். பிள்ளையின் பையையும் உங்கள் தொலைபேசியையும் பாருங்கள். விளங்காவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள். ரீச்சர்மாரும் அப்போது துக்கத்தில் இருப்பார்கள். அவர்கள் அழுவதைக் கண்டு பிள்ளை பயந்தால், பெரியவர்களும் அழுவார்கள் என்று சொல்லுங்கள்.

பல வாரமாக நித்திரையில்லை, சாப்பாடில்லை, பள்ளிக்கூடம் போக மறுக்கிறது என்றால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். அதற்குக் காசு இல்லை. சைல்ட் பிரீவ்மென்ட் யூ.கே. என்ற தொண்டு நிறுவனம் குடும்பங்களுக்கு உதவுவதோடு ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறது. அந்தப் பெயரை ரீச்சரிடம் சொல்லுங்கள்.