குசினி மேற்தட்டின் விளிம்புக்கு எந்தப் பசை?

நமது பகுதியில் வீடு கட்டுவோர் இப்போது குசினிக்குப் பென்ட்ரி அடிக்காமல் விடுவதில்லை. பதுளை நகரில் மட்டுமல்ல, பசறை, ஹாலி-எல, தெமோதரைத் தோட்டங்களில் லயத்தை விட்டுத் தனிவீடு கண்டவர்களும் கடைக்கு வந்து விசாரிக்கிறார்கள். சிப்போர்ட்டின் மேல் போமிக்கா ஒட்டிய தட்டே பலருக்குக் கட்டுபடியாகிறது.

போமிக்கா என்பது 1912இல் அமெரிக்காவில், மின்சார வேலைகளுக்கு மைக்காவின் இடத்தில் பாவிப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள். அதன் முகத்தினூடாகத் தண்ணீர் இறங்காது. இறங்குவது விளிம்பினூடாகத்தான். விளிம்புப் பட்டி கழன்றால் சிப்போர்ட் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். பிறகு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. பசையில் மிச்சம் பிடித்தவர் முழுத் தட்டையும் மாற்ற நேரிடும்.

எனவே பசை வாங்குமுன் மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பட்டி எதனாலானது? போமிக்காப் பட்டியானால் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையும் பிடிக்கும். ஆனால் காயும்வரை இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். பி.வி.சி. பட்டிக்கு வெள்ளைப் பசை பிடிக்காது. அதற்கு ரப்பர் பசை எனப்படும் கொன்டக்ட் பசையே ஏற்றது.

இரண்டாவது, பட்டி எங்கே வருகிறது? சிங்க் பக்கமானால் சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம், ஈரத்தில் இளகிவிடும். தண்ணீரைத் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். அல்லது இரண்டு டியூப்களைக் கலந்து பூசும் எபொக்சி பாவியுங்கள். அயன் பெட்டியால் சூடாக்கி ஒட்டும் பட்டி இலகுவானது. ஆனால் அதன் பசை சூட்டில் உருகுவது. ஆகவே அடுப்புக்கு அருகில் அதை நம்ப வேண்டாம். கொன்டக்ட் பசையும் அதிக சூட்டில் தளரும். அடுப்பைத் தட்டின் விளிம்பிலிருந்து தள்ளி வைப்பதே நல்லது.

மூன்றாவது, காலநிலை. கொன்டக்ட் பசையை இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத வரை காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். பொதுவாக 10 முதல் 20 நிமிடம் போதும். ஆனால் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நம் மழைக்காலத்தில் அது போதாது. பசையிலுள்ள திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. அதன் மேல் ஈரக்காற்று பனியாகப் படிந்தால் பட்டி பிடிக்காது. எனவே மழை விட்ட உலர்ந்த நேரம் பார்த்து ஒட்டுங்கள். வெல்லவாய போன்ற வெப்பமான இடங்களில் பசை விரைவாகக் காய்ந்துவிடும். அங்கே சிறிது சிறிதாகப் பூசுங்கள்.

சிப்போர்ட்டின் வெட்டுமுகம் முதற் பூச்சைக் குடித்துவிடும். அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சு கட்டாயம். ஒட்டிய பிறகு பட்டியை நகர்த்த முடியாது என்பதால் முதலிலேயே சரிபார்த்து வையுங்கள்.

இன்னொன்று. கொன்டக்ட் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். விறகடுப்போ கேஸ் அடுப்போ எரியும்போது பூசவே கூடாது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள்.

வியாபார நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பசை கேட்டு வருபவரிடம், "எந்தப் பட்டிக்கு, எந்த இடத்துக்கு?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். விலை கூடியதைத் தள்ளிவிடுவதல்ல, பொருத்தமானதைக் கொடுப்பதே வியாபாரம். அந்த வாடிக்கையாளர் அடுத்த முறையும் உங்கள் கடைக்குத்தான் வருவார்.