ஆர்மீனியப் போர்க்கைதிகள்: நடத்தப்பட்ட முறையும் தாயகம் திரும்பலும் – மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

2020-ஆம் ஆண்டு நகோர்னோ-கராபாக் போரிலும் அதன் பின்னரும் அசர்பைஜானிடம் பிடிபட்ட ஆர்மீனியர்கள் நடத்தப்பட்ட முறையையும், அவர்கள் தாயகம் திரும்பிய படிநிலைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. போர்க்கைதி என்னும் தகுதி மறுக்கப்படும்போது தாயகம் திரும்புதல் உரிமை என்னும் நிலையிலிருந்து பேரம் என்னும் நிலைக்கு மாறிவிடுகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: போர்க்கைதி, நகோர்னோ-கராபாக், ஜெனீவா உடன்படிக்கை, தாயகம் திரும்புதல், பன்னாட்டு நீதிமன்றம்.

முன்னுரை

2020 செப்டம்பர் 27 அன்று தொடங்கிய கராபாக் போர் 44 நாள்கள் நீடித்தது. நவம்பர் 9 இரவு ஆர்மீனியப் பிரதமர் நிக்கோல் பஷின்யான், அசர்பைஜான் குடியரசுத் தலைவர் இல்ஹாம் அலியேவ், ரஷ்யக் குடியரசுத் தலைவர் விளாதிமீர் புதின் ஆகிய மூவரும் ஒப்பமிட்ட கூட்டறிக்கையுடன் அது நின்றது. அவ்வறிக்கையின் எட்டாம் கூறு, போர்க்கைதிகளையும் பிணையாளிகளையும் பிற தடுப்புக்காவலினரையும் இறந்தோர் உடல்களையும் இருதரப்பும் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்கிறது. ஒரே வரியில் அமைந்த இக்கூற்றுக்குக் காலக்கெடு எதுவும் குறிக்கப்படவில்லை. பின்னர் எழுந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் இந்த இடைவெளியே வழிவிட்டது.

சட்டம் சொல்வது

1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கைதிகளின் விடுதலையை அமைதி ஒப்பந்தத்தோடு பிணைத்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமைதி ஒப்பந்தங்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின. கைதிகளும் அதுவரை அயல்நாட்டு முகாம்களில் உழைத்துக்கொண்டிருந்தனர். இந்தப் பட்டறிவின் விளைவாகவே 1949-ஆம் ஆண்டு மூன்றாம் உடன்படிக்கையின் 118-ஆம் பிரிவு வேறுவகையில் எழுதப்பட்டது. செயல்நிலைப் போர் நின்றவுடன், தாமதமின்றி, கைதிகள் விடுவிக்கப்பட்டுத் தாயகம் அனுப்பப்படவேண்டும் என்பது அதன் பொருள். அமைதி ஒப்பந்தம் தேவையில்லை. எதிர்த்தரப்பு எதையேனும் தரவேண்டும் என்னும் நிபந்தனையும் அப்பிரிவில் இல்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குற்ற வழக்கை எதிர்கொண்டிருப்பவரை வழக்கு முடியும்வரையும், தண்டிக்கப்பட்டவரைத் தண்டனை முடியும்வரையும் நிறுத்திவைக்கலாம் என்று 119-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எனினும் எச்செயலுக்காக வழக்குத் தொடுக்கலாம் என்பதில் வரம்பு இருக்கிறது. சீருடையில், படையின் ஆணைப்படி ஆயுதம் ஏந்திப் போரிட்டமைக்காக மட்டும் ஒரு படைவீரரைத் தண்டிக்க இயலாது. போர்க்குற்றம் புரிந்தவரைத் தண்டிக்கலாம். ஒருவரது தகுதி குறித்து ஐயம் எழுந்தால், உரிய தீர்ப்பாயம் முடிவு செய்யும்வரை அவர் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பைப் பெறுவார் என ஐந்தாம் பிரிவு வரையறுக்கிறது. ஆர்மீனியா, அசர்பைஜான் ஆகிய இரு நாடுகளும் 1993-ஆம் ஆண்டிலேயே இவ்வுடன்படிக்கையில் இணைந்தவை.

காவலில் நிகழ்ந்தவை

வன்முறை, அச்சுறுத்தல், இழிவுபடுத்தல், பொதுமக்களின் வேடிக்கைப் பார்வை ஆகியவற்றிலிருந்து கைதிகளைக் காக்குமாறு 13-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. 1949-இல் இது எழுதப்பட்டபோது, கைதிகளைத் தெருக்களில் ஊர்வலமாக நடத்திச்செல்வதே வேடிக்கைப் பார்வை எனக் கருதப்பட்டது. 2020-இல் அந்தத் தெருவின் இடத்தைக் கைப்பேசித் திரை பிடித்தது. பிடிபட்டவர்களை அறைந்தும் உதைத்தும், அசர்பைஜான் கொடியை முத்தமிடச் செய்தும், கராபாக் அசர்பைஜானுக்கே உரியது எனச் சொல்லவைத்தும் எடுக்கப்பட்ட காணொளிகள் சமூக ஊடகங்களில் பரவின. பல குடும்பங்கள் தம் மகன் உயிரோடிருப்பதை இக்காணொளிகள் வழியாகவே அறிந்தன. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2020 டிசம்பரில் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டது. 2021 மார்ச்சில் அது வெளியிட்ட மற்றோர் அறிக்கை, விடுதலை பெற்ற நால்வரின் நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்டது. அடி, மின்னதிர்ச்சி, சூட்டுக்காயம், உணவும் நீரும் மறுப்பு, காயங்களுக்கு மருத்துவமின்மை ஆகியவற்றை அவர்கள் விவரித்தனர்.

கொடுமை ஒருபக்கமாக மட்டும் நிகழவில்லை. அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2020 டிசம்பர் 10 அன்று 22 காணொளிகளின் உண்மைத்தன்மையை உறுதிசெய்தபோது, கைதிகளைக் கொன்ற செயலிலும் உடல்களைச் சிதைத்த செயலிலும் இருதரப்பினரும் இடம்பெற்றிருந்தனர். ஆர்மீனியத் தரப்பின் குற்றங்களைக் குறிப்பிடாமல் இப்பொருளை எழுதுவது ஆய்வாகாது. எனினும் நீண்டகாலக் காவலில் எஞ்சியோர் பெரும்பான்மையும் ஆர்மீனியரே ஆதலின், தாயகம் திரும்புதல் பற்றிய வினா அவர்களையே சுற்றி நிற்கிறது.

அறுபத்திருவர் சிக்கல்

2020 டிசம்பர் 14 அன்று முதல் பெரும் பரிமாற்றம் நடைபெற்றது. ரஷ்ய வானூர்தியில் 44 ஆர்மீனியர் யெரெவான் வந்து சேர்ந்தனர். ‘அனைவருக்கும் அனைவர்’ என்பதே அப்போது பேசப்பட்ட நெறி. 2014-இல் பிடிக்கப்பட்டுக் கராபாக் நீதிமன்றத்தால் நீண்ட சிறைத்தண்டனை பெற்றிருந்த இரு அசர்பைஜானியரும் இதன்படியே திருப்பியனுப்பப்பட்டனர். அதாவது, தண்டனை பெற்றவர் என்பதுகூட அன்று தடையாகக் கொள்ளப்படவில்லை.

அதே நாள்களில் ஹத்ருத் பகுதியின் ஹின் தாகெர், க்ட்ஸாபெர்த் ஊர்களை ஒட்டி மேலும் பல ஆர்மீனியப் படையினர் பிடிபட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஷிராக் மாநிலத்தவர். அசர்பைஜான் அவர்களது எண்ணிக்கையை 62 எனக் கூறியது. போர்நிறுத்தத்துக்குப் பின்னர் ஊடுருவியவர்கள் ஆதலின் அவர்கள் போர்க்கைதிகள் அல்லர், பயங்கரவாதிகளே என்பது அதன் வாதம். சட்டவிரோத எல்லைக்கடப்பு, ஆயுதம் வைத்திருத்தல் முதலிய குற்றங்கள் சுமத்தப்பட்டன. 2021 சூலையில் பலருக்கு ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. போர்க்கைதித் தகுதியை முடிவு செய்வது பிடிபட்ட நாள் அன்று. அவர் யார் என்பதே. ஒரு நாட்டின் படையைச் சேர்ந்தவர் எதிரிநாட்டின் கையில் சிக்கினால் நான்காம் பிரிவு அவரைப் போர்க்கைதி என்கிறது. மேலும், நவம்பர்க் கூட்டறிக்கையின் முதற்கூறு படைகளை அவை நின்ற இடங்களிலேயே நிற்கச் சொல்கிறது. அவ்வூர்கள் அன்று தம் வசமே இருந்தன என்பது ஆர்மீனியத் தரப்பின் கூற்று. அது தவறெனக் கொண்டாலும் மீறப்பட்டது போர்நிறுத்தம். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியது அரசு. ஆணைக்குக் கீழ்ப்பட்ட கட்டாயப் படைப்பணி இளைஞரை எல்லைக்கடப்புக் குற்றவாளி ஆக்க அது இடந்தராது.

கண்ணிவெடி வரைபடங்கள்

2021 சூன் 12 அன்று 15 கைதிகள் விடுவிக்கப்பட்டனர். ஈடாக, ஆக்தாம் மாவட்டத்தில் புதைக்கப்பட்ட 97,000 கண்ணிவெடிகளின் வரைபடத்தை ஆர்மீனியா கையளித்தது. ஜார்ஜியாவும் அமெரிக்காவும் இடைநின்றன. சூலை 3 அன்று மேலும் 15 பேருக்கு ஈடாக ஃபிஸூலி, ஸங்கிலான் மாவட்டங்களின் வரைபடங்கள் தரப்பட்டன. அவற்றுள் கால்பங்கே துல்லியமானவை என அசர்பைஜான் பின்னர்க் குறைகூறியது.

இந்தப் பரிமாற்றத்தில் இரு கடமைகள் ஒன்றையொன்று விலைக்கு வாங்கின என்றே சொல்லவேண்டும். உழவரையும் ஊர்திரும்புவோரையும் கொல்லும் வெடிகள் இருக்குமிடத்தைச் சொல்வது ஆர்மீனியாவின் மனிதநேயக் கடமை. கைதிகளை அனுப்புவது அசர்பைஜானின் சட்டக் கடமை. இரண்டும் தனித்தனியே, எதையும் எதிர்பாராமல் செய்யப்பட்டிருக்க வேண்டியவை. எத்தியோப்பிய–எரித்திரிய உரிமைக்கோரல் ஆணையம் 2003-இல் தந்த தீர்ப்பு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கைதிகளைத் தாமதமாக அனுப்பியமைக்கு அது எத்தியோப்பியாவைப் பொறுப்பாக்கியது. தெற்காசியாவிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 1971 டிசம்பரில் சரணடைந்த ஏறத்தாழ 93,000 பாகிஸ்தானியருள் கடைசிப் பிரிவினர் 1974 ஏப்ரலில்தான் நாடு திரும்பினர்; போர்க்குற்ற வழக்குக்கெனக் குறிக்கப்பட்ட 195 பேரும் இறுதியில் விசாரணையின்றியே அனுப்பப்பட்டனர்.

நீதிமன்றங்களின் எல்லை

ஜெனீவா உடன்படிக்கையை மீறிய நாட்டைப் பன்னாட்டு நீதிமன்றத்தின் முன் நிறுத்தும் வழி அவ்வுடன்படிக்கையில் இல்லை. ஆகவே ஆர்மீனியா 2021 செப்டம்பர் 16 அன்று, இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் கீழ் வழக்குத் தொடுத்தது. 2021 டிசம்பர் 7 இடைக்கால ஆணையில் நீதிமன்றம், காவலில் உள்ளோரை வன்முறையிலிருந்தும் உடல்தீங்கிலிருந்தும் காக்குமாறும், சட்டத்தின்முன் சமமாக நடத்துமாறும் அசர்பைஜானைப் பணித்தது. விடுதலைக் கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. இனப்பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கை கைதிகளைத் தாயகம் அனுப்பும் கடமையை விதிப்பதாகக் கொள்ள இயலாது என்பதும், இனத்தின் காரணமாகவே அவர்கள் தொடர்ந்து அடைக்கப்பட்டிருப்பதற்குச் சான்று முன்வைக்கப்படவில்லை என்பதும் அதன் காரணங்கள். சட்டநோக்கில் இது பிழையற்ற தீர்ப்பே. ஆனால் கடமையை விதிக்கும் சட்டத்துக்கு நீதிமன்றம் இல்லை, நீதிமன்றம் உள்ள சட்டத்தில் அக்கடமை இல்லை என்னும் முரணை அது வெளிப்படுத்திவிட்டது.

அரசியல் வழியே எஞ்சியது

அதன்பின் விடுதலைகள் நடுநாடுகளின் முயற்சியோடு சிறுசிறு தொகுதிகளாக வந்தன. 2021 டிசம்பரில் 10 பேர், 2022 பிப்ரவரியில் 8 பேர், அமெரிக்க முயற்சியால் 2022 அக்டோபர் 4 அன்று 17 பேர் திரும்பினர். 2023 டிசம்பர் 7 அன்று இரு அரசுகளும் நேரடியாகவே ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. அதன்படி டிசம்பர் 13 அன்று 32 ஆர்மீனியப் படையினரும் 2 அசர்பைஜானியப் படையினரும் விடுவிக்கப்பட்டனர். அதே அறிக்கையில், காலநிலை மாநாட்டைப் பாகுவில் நடத்த ஆர்மீனியா ஆதரவளித்துத் தன் போட்டியை விலக்கிக்கொண்டது.

எனினும் 2023 செப்டம்பர்த் தாக்குதலுக்குப்பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் கராபாக்கைவிட்டு வெளியேறியபோது கைதான முன்னாள் தலைவர்கள் இத்தொகுதிகளில் இடம்பெறவில்லை. அராயிக் ஹருத்யுன்யான், பாகோ சஹாக்யான், அர்காதி குகாஸ்யான் ஆகிய முன்னாள் தலைவர் மூவரும், சிலகாலம் அமைச்சராயிருந்த ரூபென் வர்தான்யானும் அவர்களுள் அடங்குவர். இவர்கள் மீதான விசாரணை 2025 சனவரி 17 அன்று பாகு இராணுவ நீதிமன்றத்தில் தொடங்கியது. கைதிகளைச் சந்திக்க 126-ஆம் பிரிவின்படி உரிமைபெற்ற பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவை, அதே ஆண்டில் அசர்பைஜான் தன் நாட்டிலுள்ள அலுவலகத்தை மூடுமாறு கேட்டுக்கொண்டது.