வெந்நீரும் வீட்டுக் கணக்கும்

மார்கழி பிறந்துவிட்டால் மைசூரில் பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,500 அடி உயரத்தில் உள்ள ஊரல்லவா? மதுரையிலும் திருச்சியிலும் ஆண்டு முழுவதும் குளிர்ந்த நீரிலேயே குளித்துப் பழகிய நம்மவர்கள், இங்கு குடியேறியதும் முதலில் வாங்கும் பொருள்களில் ஒன்று கீசர். அடுத்த மாதம் மின் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதும் வழக்கமாகிவிட்டது.

கணக்கு மிக எளியது. 20 லிட்டர் கொண்ட ஒரு வாளி நீரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ அரை யூனிட் வேண்டும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 2 யூனிட், மாதத்துக்கு 60. கீசரைக் காலை முழுவதும் போட்டு வைத்தால் தொட்டியின் சுவர் வழியே வீணாகும் சூடு தனிக்கணக்கு. கர்நாடகத்தில் 2023 ஜூலையில் தொடங்கிய கிருக ஜோதி திட்டத்தில், மாதப் பயன்பாடு 200 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கட்டணமும் நம் தலையில் விழும். வாடகை வீட்டில் இருப்போருக்கும் இதே விதிதான். ஆகவே இந்த 60 யூனிட் அற்பமானதல்ல.

நம் பாட்டிமார் இதை அறிந்தே இருந்தார்கள். பெரிய அடுப்பில் சோறு வேகும்போது, பக்கத்துக் கொடியடுப்பில் வீணாகப் போகும் அனலிலேயே குழம்பு சூடாக இருக்கும். செப்பு பாய்லரின் நடுவே புகைக்குழாய் போகும். வெளியேறும் புகையின் சூட்டையும் சுற்றியுள்ள நீர் வாங்கிக்கொள்ளும். இங்குள்ள கன்னட வீடுகளில் குளியலறை அடுப்பின்மேல் பதித்த ஹண்டே அதற்கு உடன்பிறப்பு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ அமைப்பு உருவாக்கிய அடுப்பிலும், ஒரே தீயில் மூன்று பாத்திரங்கள் சூடேறின.

இன்று அந்த இடத்தில் சூரியன் இருக்கிறான். 100 லிட்டர் சூரிய வெந்நீர்க் கருவிக்கு மாடியில் சுமார் 2 சதுர மீட்டர் தகடு போதும். சூடான நீர் இலேசாகித் தானே மேலேறித் தொட்டியை அடையும், பம்பு தேவையில்லை. ஆழ்குழாய்க் கிணற்று நீரானால் உப்புப் படியும்; ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்யவேண்டும். குழாயைத் திறந்ததும் முதலில் வரும் குளிர்ந்த நீரைக் கொட்டிவிடாமல் வாளியில் பிடித்துத் துணி துவைக்கலாம்.

கீசரே போதும் என்போர் கவனிக்க வேண்டியவை:

குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, சூடானதும் அணைத்துவிடுங்கள். ஒருவர் பின் ஒருவராகக் குளித்து முடியுங்கள். வெப்பநிலையை 60 டிகிரிக்கு மேல் வைக்கவேண்டாம். புதிதாக வாங்கும்போது நட்சத்திர முத்திரையைப் பாருங்கள்.

சிக்கனத்தைக் காட்டிலும் உயிர் பெரிது. காஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் ஒருபோதும் பொருத்தாதீர்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு சேரும். அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்தபின்தான் தெரியும். குழந்தைகளைத் தனியே குளிக்க அனுப்பும் வீடுகள் இதை மறக்கலாகாது. வாட்டர் ஹீட்டர் கம்பியை வாளியில் போட்டிருந்தால், சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுத்த பின்னரே நீரைத் தொடுங்கள்.

1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி தந்த மின்சாரம், சுமார் 150 கிலோமீட்டர் கம்பியில் ஓடி முதன்முதலில் கோலார் தங்கவயலுக்குத்தான் போயிற்று. அங்கே பூமிக்கடியில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்மக்கள். காவிரியும் உழைப்பும் சேர்ந்து வளர்த்த இந்த மின்சாரத்தை, மறதியால் எரியும் ஒரு சிவப்பு விளக்குக்கு இரையாக்கலாமா?

வருகிற முதல் தேதியன்று உங்கள் மீட்டரைக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். மிச்சப்பட்டது எவ்வளவு என்று வீட்டுப் பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள்.