கற்றுக் கொடுக்கத் தயங்கலாமா?

நமது இதழில் வரி, உரிமம், தராசு முத்திரை பற்றியெல்லாம் அவ்வப்போது எழுதப்படுகிறது. அவை தேவைதான். இந்த முறை நாம் எழுத நினைப்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத விஷயம். கடையில் வேலைக்கு வந்தவன் தொழிலில் வளர்வது எப்படி, அதில் முதலாளியின் பங்கு என்ன என்பது. நமது கடையில் நடந்ததையே எழுதுகிறோம். அதில் நமக்குப் பெருமை தரும் பகுதி குறைவு.

நாம் பதினோராம் வகுப்பு முடித்து 1976-ல் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மண்டியில் வேலைக்குச் சேர்ந்தோம். முதல் வருடம் கூட்டிப் பெருக்குவதும், டீ வாங்கி வருவதும், மூட்டை எண்ணுவதும்தான். அடுத்த வருடம் சிட்டை எழுத விட்டார்கள். அப்புறம் நாள்வழி, அப்புறம் பேரேடு. ஐந்தாம் வருடம் ஒரு நாள் முதலாளி கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொன்னார். உள்ளங்கையில் நாலைந்து மிளகாய் வத்தலை வைத்து, "அமுக்கிப் பாரு, என்ன சொல்லுது?" என்றார். நமக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. அவரே சொன்னார். நன்றாகக் காய்ந்த வத்தலை ஆட்டினால் விதை சலசலக்கும், அமுக்கினால் நொறுங்கும். ஈரம் இருந்தால் ரப்பர் போல வளையும். அந்த ஈரத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். பத்து நாளில் மூட்டை எடை இறங்கும், பூஞ்சணம் பிடித்தால் மொத்தமும் போச்சு. அன்று முதல் தரகர் வந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்வார். எந்த விலைக்குத் தலையை ஆட்டுகிறார், எந்த விலைக்கு வெற்றிலை மடிக்க ஆரம்பிக்கிறார் என்று பார்த்தே பாதி படித்தோம்.

1986-ல் நாம் தனிக் கடை போட்டபோது, விருதுநகருக்கும் குண்டூருக்கும் அவரே கடிதம் எழுதித் தந்தார். "நமது பையன். சரக்குக் கொடுக்கலாம்" என்று இரண்டே வரி. கையில் 22,000 ரூபாய் இருந்தது. ஆனால் அந்த இரண்டு வரிதான் நமது முதல்.

நமக்கு இப்படிக் கிடைத்ததை நாம் அடுத்தவனுக்குக் கொடுக்கவில்லை.

2001-ல் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து 18 வயதில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். நல்ல உழைப்பாளி. வசூலுக்குப் போனால் திருமங்கலம், மேலூர் என்று எந்தப் பக்கமானாலும் பாக்கியை முகம் கோணாமல் வாங்கி வருவான். கல்லாவில் ஒரு ரூபாய் முன்பின் ஆனதில்லை. 14 வருடம் இருந்தான். சம்பளம் கூட்டினோம், தீபாவளிக்குத் துணி எடுத்தோம், கல்யாணத்துக்கு முன்நின்றோம். ஒன்று மட்டும் செய்யவில்லை. கொள்முதலை அவனுக்குக் காட்டவில்லை. ஊஞ்சாவுக்கும் குல்பர்காவுக்கும் பேசுவதெல்லாம் உள் அறையில்தான். தரகர்கள் எண் நமது மனதில்தான். ஒரு முறை, "முதலாளி, சீரகத்துக்கு ஒரு தடவை நான் பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டான். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றோம். மறுபடி அவன் கேட்கவில்லை.

காரணம் வேறொன்றும் இல்லை, பயம்தான். கொள்முதல் தெரிந்தவன் போய்விடுவான் என்று நம் வியாபாரிகள் பலருக்கும் உள்ள அதே பயம்.

தெரியாமலேயே 2015 பொங்கல் கழிந்து போய்விட்டான். உசிலம்பட்டியில் சில்லறையோடு சிறு மொத்தமும் சேர்த்துக் கடை போட்டான். நமக்கு மனத்தாங்கல்தான், மறைப்பானேன். அந்த மாசியில் விருதுநகர்ப் பருப்பு வியாபாரி ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, உங்க கடையில இருந்த தம்பி 50 மூட்டை துவரம் பருப்பு முப்பது நாள் தவணையில கேக்காரு. போடலாமா?" என்றார். நாம் சொன்னது இது: "பையன் நல்லவன்தான். ஆனா சொந்தமாக் கொள்முதல் பண்ணின பழக்கம் கிடையாது. பாத்துக்கிடுங்க."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அன்று இரவு நன்றாகவே தூங்கினோம்.

சரக்குப் போகவில்லை. அந்த வருடம் பருப்பு என்ன பாடு படுத்தியது என்று இதைப் படிக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அக்டோபரில் சில்லறையில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. மாசியில் தவணைக்கு 50 மூட்டை கிடைத்திருந்தால் புதுக் கடை ஒன்று காலூன்றியிருக்கும். அவன் ரொக்கத்துக்கு இரண்டு மூட்டை, மூன்று மூட்டை என்று உள்ளூரில் ஏறின விலைக்கு வாங்கி ஓட்டியிருக்கிறான். மனைவி நகை அடகுக்குப் போனது நமக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ஐப்பசியில் ஒரு நாள் கடைக்கு வந்தான். பழைய பழக்கத்தில் செருப்பை வெளியே விட்டு வந்து நின்றான். விருதுநகர்க்காரர் காரணத்தை அவனிடம் சொல்லியிருக்கிறார். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தோம். "நீங்க சொன்னது உண்மைதான முதலாளி. எனக்குக் கொள்முதல் தெரியாது. அதுக்குத்தான் அன்னைக்குக் கேட்டேன்" என்றான். அவ்வளவுதான். டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

நாற்பது வருடத் தொழிலில் நம்மை யாரும் அப்படிக் கணக்குத் தீர்த்ததில்லை. இரண்டு நாள் கழித்து விருதுநகருக்குப் போன் போட்டு, "தம்பிக்குச் சரக்குப் போடுங்க, நாம பொறுப்பு" என்றோம். மகனுக்குக் கோபம். "போட்டிக்கு நாமே வழி காட்டணுமா அப்பா?" என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான். அந்தப் பக்கத்துக் கடைகள் ஆறேழு நம் பேரேட்டை விட்டு அவனிடம் போயின. அது இன்றுவரை திரும்பவில்லை. தவணைப் பணத்தை அவன் இருபத்தேழாம் நாளே கட்டினான் என்பதையும் எழுத வேண்டும்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2007-ல் வாட் வந்தபோது கணக்குப்பிள்ளை பார்த்துக் கொண்டார்; அவர் இப்போது இல்லை. 57 வயதில் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண்ணிடம் போய் உட்கார்ந்தோம். நமது விரல் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடும். அந்தப் பெண் சலித்ததே இல்லை. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சரக்குக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்பதை நமக்குப் புரிய வைக்க மூன்று நாள் ஆயிற்று. இதெல்லாம் இவருக்குத் தெரிந்துவிட்டால் நமக்குக் கட்டணம் வராதே என்று அவர் மறைத்திருக்கலாம். ஒரு நாளும் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னதில்லை. பேரப்பிள்ளை வயதுக்காரரிடம் கற்றுக்கொள்வதில் இருந்த கூச்சம் ஒரு வாரத்தில் போய்விட்டது. உசிலம்பட்டித் தம்பியின் முகம் மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

அந்த வருடக் கடைசியில் கொள்முதலுக்கு என்று ஒரு நோட்டுப் போட்டு, கல்லாவிலேயே வைத்தோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். குண்டூர் வத்தல் புது வரத்து மாசி, பங்குனியில். அதற்கு அப்புறம் வருவதில் குளிர்பதனக் கிடங்குச் சரக்கு எது என்று கேட்டு வாங்க வேண்டும். ஊஞ்சா சீரகமும் அந்த மாதங்களில்தான். ஈரோட்டில் புது மஞ்சள் வந்தால் விரலியை ஒடித்துப் பார்க்க வேண்டும், சத்தத்தோடு ஒடிய வேண்டும். கொத்தமல்லியில் பச்சை நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, தேய்த்து மணம் பார்க்க வேண்டும். சாக்கு எடைக் கழிவு எந்த ஊரில் எவ்வளவு என்பதும் அதில் உண்டு. தரகர்கள் எண்ணும் உண்டு. போனில் பேசும்போது வேலைக்காரத் தம்பிகள் பக்கத்தில் இருப்பார்கள். மாதத்தில் ஒரு சிறு லோடு அவர்களே பேசி எடுக்க வேண்டும். நஷ்டம் வந்தால் நம் கணக்கு.

இப்படிச் செய்ததில் ஒருவர் நம்மை ஏமாற்றவும் செய்தார். நமது பெயரைச் சொல்லி ஒரு லோடு கொத்தமல்லியைத் திருப்பிவிட்டார். பணம் முழுதாகத் திரும்பவில்லை. அதற்காக நோட்டை எடுத்து உள்ளே பூட்டினோம், ஒரு மாதம். பிறகு நமக்கே ஒரு மாதிரி இருந்தது. மறுபடி கல்லாவுக்கு வந்துவிட்டது. இப்போது லோடு எடுக்கும் நாளில் நமது மண்டியிலிருந்து தரகருக்கு ஒரு போன் உறுதிக்குப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

மகனுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் கிடையாது. இப்போது இருக்கும் இரண்டு தம்பிகளில் ஒருவர் வரும் தை மாதம் மேலூரில் தனியாகக் கடை போடப் போவதாகச் சொல்லியிருக்கிறார். குண்டூர்த் தரகரிடம் அவரை நேரில் அழைத்துப் போக ரயிலுக்குச் சீட்டுப் போட்டாயிற்று.