எய்ட்ஸ் தடுப்பூசி: கிருமியின் உறையில் சிக்கிய நாற்பது ஆண்டுகள்

புதுதில்லி: எய்ட்ஸ் தடுப்பூசி இரண்டு ஆண்டுகளில் பரிசோதனைக்குத் தயாராகிவிடும் என்று 1984-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க சுகாதாரத் துறை அமைச்சர் மார்கரெட் ஹெக்லர் அறிவித்தார். நாற்பது ஆண்டுகள் கடந்தும் ஒரு தடுப்பூசிகூடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. கரோனாவுக்கு ஓராண்டுக்குள் தடுப்பூசி கண்ட அறிவியல் இங்கு மட்டும் திணறுவது ஏன் என்பதற்கான விடை, பெருமளவு அந்தக் கிருமியின் மேலுறையில் இருக்கிறது.

எச்.ஐ.வி. கிருமியின் மேற்பரப்பில் காளான்களைப் போலத் துருத்திக்கொண்டு நிற்பவை உறைப்புரதங்கள். ஜிபி120, ஜிபி41 என்ற இரு புரதங்கள் மும்மூன்றாகச் சேர்ந்து ஒரு முள்ளாக அமைகின்றன. ஜிபி120 ரத்த வெள்ளையணுவின் சிடி4 என்ற ஏற்பியைப் பற்றிக்கொள்ள, ஜிபி41 கிருமியின் உறையை அணுவின் சவ்வோடு இணைத்து உள்ளே வழி திறக்கிறது. உடலில் உருவாகும் ஆன்டிபாடிகள் கிருமியைத் தடுத்து நிறுத்த வேண்டுமானால், வெளியே தெரியும் இந்த முள்ளைத்தான் பிடிக்க வேண்டும். வேறு இலக்கு இல்லை.

ஆனால், பிடி கிடைப்பதில்லை. இன்ஃபுளூயன்சா கிருமியில் நூற்றுக்கணக்கில் முட்கள் இருக்கின்றன, எச்.ஐ.வி.யிலோ பதினைந்துக்கும் குறைவு. ஜிபி120-இன் எடையில் ஏறத்தாழப் பாதி, சர்க்கரை மூலக்கூறுகளின் போர்வை. அந்தச் சர்க்கரையும் மனித அணுவிலேயே தயாரானது என்பதால், நோய் எதிர்ப்பு மண்டலம் அதைச் சொந்தப் பொருளாகவே கருதிவிடுகிறது. போர்வையில்லாத பகுதிகளோ ஓயாது உருமாறுகின்றன. மாற முடியாத இடமான சிடி4 பற்றும் குழி, எளிதில் எட்டாத ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. போதாக்குறைக்கு முள் எளிதில் உடைந்து சிதறுகிறது. உடல் அந்த உடைந்த துண்டுகளைத் தாக்குவதில் ஆற்றலை வீணடிக்கிறது.

2003-இல் தோல்வியடைந்த வாக்ஸ்ஜென் நிறுவனத் தடுப்பூசியில் இருந்தது தனித்த ஜிபி120 மட்டுமே. மூன்றாகச் சேர்ந்த வடிவத்துக்குப் பொருந்தாத ஆன்டிபாடிகளையே அது உருவாக்கியது. சிதறாத முள்ளை ஆய்வகத்தில் உருவாக்கி, அதன் அணு அளவிலான வடிவத்தை வெளியிட 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புரதங்களுக்கிடையே கந்தகப் பிணைப்பு ஒன்றைச் செயற்கையாக ஏற்படுத்தி, 'தையல்' போட்டு நிறுத்திய வடிவம் அது. இத்துறையின் உண்மையான திருப்புமுனை எது என்றால், பெரிதும் பேசப்பட்ட 2009-ஆம் ஆண்டின் தாய்லாந்து சோதனையைவிட இதையே சொல்ல வேண்டும். பதினாறாயிரம் பேர் பங்கேற்ற அந்தச் சோதனை காட்டிய பாதுகாப்பு 31 சதவீதம். அதன் வழியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனை 2020-இல் பயனின்றி நிறுத்தப்பட்டது. 2021, 2023-ஆம் ஆண்டுகளில் மேலும் இரண்டு பெரிய சோதனைகளுக்கும் அதே கதிதான்.

இந்தியாவுக்கு இதில் தனிக் கவலை உண்டு. இங்கும் தென்னாப்பிரிக்காவிலும் பெரும்பாலான தொற்றுக்குக் காரணம் 'சி' வகைக் கிருமி. தொடக்ககாலத் தடுப்பூசிகளோ அமெரிக்கா, ஐரோப்பாவில் பரவிய 'பி' வகையை வைத்தே வடிவமைக்கப்பட்டன. புணே தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2005-இல் தொடங்கிய நாட்டின் முதல் சோதனை 'சி' வகையை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அதில் உறைப்புரத மரபணு இடம்பெறவில்லை. சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006-இல் 32 தன்னார்வலர்களிடம் நடந்த இரண்டாவது சோதனையில் அது இடம்பெற்றது. இந்தியாவில் இரண்டுமே முதற்கட்டத்தைத் தாண்டவில்லை. 'சி' வகைக்கென்றே தயாரான தென்னாப்பிரிக்கத் தடுப்பூசியும் தோற்றதால், வகை மட்டுமே பிரச்னை அல்ல என்பதும் தெளிவாகிவிட்டது.

இன்றைய முயற்சி வேறு திசையில் செல்கிறது. தொற்றுக்குள்ளானவர்களில் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து, பலவகைக் கிருமிகளையும் முடக்கும் ஆன்டிபாடிகள் தாமாகவே உருவாகின்றன. தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் தொற்றுள்ள இந்தியக் குழந்தை ஒன்றிடமிருந்து அப்படியொன்றைப் பிரித்தெடுத்துள்ளனர். அத்தகைய ஆன்டிபாடியின் மூதாதை அணுவைத் தூண்டிவிட்டு, அடுத்தடுத்த ஊசிகளால் படிப்படியாகப் பழக்கி எடுப்பதே திட்டம். முதல் படியைச் சோதித்ததில் ஊசி பெற்ற 36 பேரில் 35 பேரிடம் எதிர்பார்த்த அணுக்கள் தென்பட்டதாக 2022-இல் முடிவுகள் வெளியாயின. எம்.ஆர்.என்.ஏ. முறையில் செய்தபோது சிலருக்குத் தோலில் தடிப்பு ஏற்பட்டது தனிச் சிக்கல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் தில்லியை அடுத்த ஃபரீதாபாத் ஆய்வகத்திலும் உறைப்புரத வடிவமைப்பு ஆய்வுகள் நடந்துள்ளன.

இந்த நேரத்தில்தான் பணம் வற்றுகிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நிறுத்தப்பட்டதால் ஆப்பிரிக்காவில் தொடங்கவிருந்த சோதனைகள் நின்றன. டியூக், ஸ்கிரிப்ஸ் நிறுவனங்களின் தலைமையிலான இரு தடுப்பூசி ஆய்வுக் கூட்டமைப்புகளுக்கு 2019-இல் வழங்கிய ஏழாண்டு நிதியை நீட்டிக்கப் போவதில்லை என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அதே ஆண்டு மே மாதம் தெரிவித்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி இருக்கும்போது தடுப்பூசி எதற்கு என்ற வாதமும் எழுந்துள்ளது. இந்திய நிறுவனங்கள் அதை 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலர் விலையில் ஏழை நாடுகளுக்கு வழங்க ஒப்புக்கொண்டிருப்பது பெரிய செய்தியே. ஆனால், அது மருந்து. உடலுக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. சுமார் 25 லட்சம் பேர் தொற்றுடன் வாழும் நாட்டில், ஆபத்துக்குள்ளானவர்கள் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு இருமுறை தேடிப்பிடித்து ஊசி போட்டாக வேண்டும்.